கற்றதனை அளந்தறிதல்

ஒரு நூலைப் பன்முறை படித்த மாணாக்கன், அதன் சொற்கள் தனக்குப் பழகியிருத்தல் கண்டு, பொருளும் தன்வயமாயிற்றெனக் கருதுகின்றான். பழக்கம் வேறு, அறிவு வேறு. கயிற்றை அரவெனக் காணும் திரிவுக்காட்சி புறப்பொருளிடத்து மட்டும் நிகழ்வதன்று. தன் அறிவைத் தானே நோக்குமிடத்தும் நிகழும். ஐயுற்றவன் வினவித் தெளிவான். திரிபுற்றவனோ தனக்கு ஐயமே இன்றென்பான். ஆதலின் இவன் நிலையே இரங்கத்தக்கது.

அமெரிக்க உளநூலார் உரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஈண்டு நோக்கற்பாலது. ஓர் உரைப்பகுதியை மாணவருள் ஒரு சாரார் நான்கு வேளையும் படித்தனர். மற்றொரு சாரார் ஒரு வேளை படித்து, மூன்று வேளை ஏடு நோக்காது நினைந்தெழுதினர். ஐந்து நிமிடங் கழித்துச் சோதித்தபோது படித்தாரே மேம்பட்டனர். ஒரு வாரங் கழிந்தபின்னோ, அவர்பால் நூற்றுக்கு 40 பங்கும், நினைந்தெழுதினார்பால் 61 பங்கும் எஞ்சின. மிகுதியும் நினைவிருக்கும் என்று முன்னர்த் துணிந்து கூறியோர் படித்தாரே என்பது இதனினும் வியப்பு.

நன்னூலார் இதனை வேறொரு வாயிலாற் காட்டினார். ஆசான் உரைத்ததனைச் செவ்வனே கொள்ளினும் புலமையிற் காற்கூறே எய்தும். உடன்கற்பாரொடு பயில்தலால் மற்றொரு காற்கூறும், பிறர்க்கு உரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்பது அவர் கருத்து. முதற் காற்கூற்றையே முழுமையென மயங்குவார் இன்று பலர். பிறர்க்கு உரைக்கப் புகுங்கால் நா எங்கே தடைப்படுகின்றதோ, அங்கேயே நம் அறியாமை வெளிப்படும்.

சிவஞானபோதம் கற்பான் ஒரு சூத்திரத்தை எடுத்துக்கொள்க. ஏட்டை மூடி, மேற்கோள் யாது, ஏது யாது, எடுத்துக்காட்டு அவ்வேதுவை எங்ஙனம் வலியுறுத்துகின்றது எனத் தன்னையே வினவுக. (மனப்பாடத்தை இகழ்வார் கூட்டத்தில் யாம் சேரோம், பாடமின்றி ஏட்டை மூடுதல் யாங்ஙனம்?) மேற்கோளைச் சொல்லி ஏதுவிற் தடுமாறுவானாயின், அவன் கொண்டது சொல்லளவே.

இனி, சித்தியார் பரபக்கம் பிறர் மதத்தை முன்னர்க் கூறிப் பின்னரே மறுக்கும். மாணவனும் எதிர்க்கட்சியை, அக்கட்சியார் கேட்பினும் ‘எம் கொள்கை இதுவே’ என உடன்படுமாறு எடுத்துரைத்துப் பழகல்வேண்டும். எள்ளுதல் எளிது, இஃது அரிது. தடைப்பட்ட இடங்களைக் குறித்துவைத்து, சின்னாள் கழித்து, உரை நோக்குமுன் மீண்டும் வினவுக. உரையை முற்பட நோக்கினார்க்கு, உரையாசிரியரது தெளிவே தமது தெளிவாகத் தோன்றும்.