'இம்பைப்' என்னும் ஆங்கில வினைச்சொல்

விதை, மண், மரம் ஆகியவை பற்றிய ஆங்கில நூல்களில் 'இம்பைப்' என்னும் வினைச்சொல் அடிக்கடி வருகின்றது. 'உறிஞ்சு' என்று எழுதிவிட்டு நாம் மேலே சென்றுவிடுகிறோம். அவ்வாறு செய்வதால் விளையும் பிழை சொல்லளவில் நிற்பதன்று, வயல்வரை செல்லக்கூடியது.

சொல்லின் பிறப்பை முதலிற் காண்போம். இலத்தீன் மொழியில் 'பிபெரே' என்றால் பருகுதல். உள் என்னும் பொருள்தரும் முன்னொட்டுச் சேர 'இம்பிபெரே' ஆயிற்று. வடமொழியில் 'பா' என்னும் வேரிலிருந்து தோன்றிய 'பிபதி' என்ற வினை இதன் உடன்பிறப்பே. நாம் வழங்கும் பானம், பானகம் என்னும் சொற்களும் அவ்வடமொழி வேரின் வழி வந்தவையே. இத்தகைய வேர்களின் வரலாற்றை ஆராய விரும்புவோர்க்குப் புனே நகரம் நல்ல துணை. அங்குள்ள தக்காணக் கல்லூரியில் 1948-ஆம் ஆண்டு வரலாற்று முறையிலான வடமொழிப் பேரகராதிப் பணி தொடங்கிற்று. சுமார் 1,500 நூல்களினின்று ஏறத்தாழ ஒரு கோடி சொற்சீட்டுகள் திரட்டப்பட்டன. முதற்பகுதி 1976-இல் வெளிவந்தது. ஒரு சொல்லின் பொருளை அது ஆளப்பெற்ற இடங்களைக் கொண்டே துணிய வேண்டும் என்பது அப்பணியின் நெறி.

அந்நெறிப்படி 'இம்பைப்' மூவகையில் ஆளப்படுகின்றது. மாணவன் ஆசிரியரிடமிருந்து நற்கருத்துகளை 'இம்பைப்' செய்கிறான் எனின், உள்வாங்குகிறான் என்பது பொருள். ஒருவரைக் குறித்துச் செயப்படுபொருளின்றி இச்சொல்லைக் கூறினாலோ, அவர் மது அருந்துபவர் என்பதே இன்றைய ஆங்கிலக் குறிப்பு. மேலதிகாரியைப் பாராட்டி எழுதுவோர் சற்று விழிப்பாக இருத்தல் நலம்!

மூன்றாவதே நமக்கு வேண்டியது. உலர்ந்த விதை, மரக்கட்டை, களிமண் போன்றவை நீரைத் தம்முள் ஈர்த்துப் பருத்தலை அறிவியலார் இச்சொல்லாற் குறிப்பர். தமிழில் இதனை உள்ளீர்த்தல் என்கிறோம். புனே மாவட்டத்துக் கருமண்ணும் நம் கோவில்பட்டிக் கரிசலும் கோடையில் வெடித்து, மழைக்குப்பின் பருத்து வெடிப்பு மூடுவதற்கு, களிமண் துகளின் மெல்லிய அடுக்குகளிடையே நீர் புகுவதே காரணம். வெடிப்பு வழியே நீர் கீழே இறங்குவது வேறு, அது ஊடுருவல். கரியின் மேற்பரப்பில் வாயு ஒட்டி நிற்பது பரப்புக்கவர்தல். இவையனைத்தையும் 'உறிஞ்சு' என்ற ஒரே சொல்லில் அடக்கினால் குழப்பமே மிஞ்சும்.

பருகுதல் என்னும் வேர்ப்பொருள் இங்கு நம்மை ஏமாற்றவும் கூடும். பருகுவதற்கு உயிர் வேண்டும், உள்ளீர்த்தலுக்கு வேண்டுவதில்லை. உயிரற்ற விதையும் நீரில் ஊறிப் பருக்கும். விதையிலுள்ள புரதமும் மாவுப்பொருளும் செல்சுவரும் நீரை ஈர்க்கின்றன, அவ்வளவே. ஆதலின், "விதை நன்றாக நீர் குடித்துவிட்டது, விதைக்கலாம்" என்று கள அலுவலர் உழவர்க்குக் கூறுதல் தவறு. ஊறிய விதை முளைக்காவிடில் அவ்வுழவர் இழப்பது விதையை மட்டுமன்று. பருவமழையின் முதல் ஈரத்தையும் இழக்கிறார்.

இதனைப் பள்ளியிலேயே செய்து காட்டலாம். கொண்டைக்கடலை 40 எடுத்துக்கொள்க. அவற்றுள் 20-ஐக் கால்மணி நேரம் கொதிக்கவைத்து, வெயிலில் நன்கு உலர்த்துக. பின்னர் இரு பகுதிகளையும் தனித்தனியே நிறுத்து, ஓரிரவு நீரில் ஊறவிட்டு மீண்டும் நிறுக்க. இரண்டும் எடை கூடியிருக்கும். ஈரத்துணியில் பொதிந்து மூன்று நாட்கள் வைத்தால், கொதிக்காத விதைகளில் மட்டும் முளை தோன்றும், மற்றவை அழுகும். ஊறும் கடலையை இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்தல் ஆகாது. பருக்கும் விதையின் அழுத்தம் புட்டியையே உடைத்துவிடும். பாறைப் பிளவில் உலர்ந்த மர ஆப்பை அறைந்து நீரூற்றிக் கல்லுடைத்த பழந்தொழிலாளர் பயன்படுத்தியதும் இவ்வழுத்தத்தையே.