நினைவகத்தின் விரைவு

வெள்ளாற்றங்கரையிலுள்ள புவனகிரியிலும் அதனை அடுத்த சிதம்பரத்திலும் கணிப்பொறியைக் கொண்டு தொழில் நடத்துவோர் பலர். மண அழைப்பிதழ் அச்சிடுவோரும், நிழற்படம் திருத்துவோரும், கடைக்கணக்கு எழுதுவோரும் அவருள் அடங்குவர். வேலை மிகுந்த நாளில் பொறி தயங்கி நடப்பின், அதனை விரைவுபடுத்தும் வழி யாதென அவர்கள் எண்ணுதல் இயல்பே. பொருட்செலவின்றி விரைவு பெறும் வழி ஒன்று உண்டு. நினைவகத்தை அதற்கென வகுத்த அளவினும் மிகுந்த வேகத்தில் இயக்குவதே அது. இதனை ஓவர்கிளாக்கிங் என்பர். மிகைத்துடிப்பு என நாம் கூறலாம்.

நினைவகம் இயங்கும் முறையை முதலில் அறிவோம். 1966ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த ராபர்ட் டென்னார்டு என்னும் அறிஞர், ஒரு டிரான்சிஸ்டரையும் ஒரு மின்தேக்கியையும் கொண்டு ஓர் இலக்கத்தைக் காத்துவைக்கும் முறையைக் கண்டார். 1968இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். மின்தேக்கியில் மின்னூட்டம் இருப்பின் அது 1, இல்லையேல் 0. ஆயின் இம்மின்தேக்கி ஓட்டைக் குடம் போன்றது. அதிலுள்ள மின்னூட்டம் இடைவிடாது கசிந்துகொண்டே இருக்கும். ஆதலின் 64 மில்லி நொடிக்குள் ஒவ்வொரு குடத்தையும் மீண்டும் நிரப்புதல் வேண்டும். வெப்பம் 85 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படின் கசிவு மிகும். அப்பொழுது 32 மில்லி நொடிக்குள் நிரப்புதல் வேண்டும்.

டிடிஆர்4 என்னும் வகையில், 3200 எனக் குறித்த நினைவகம் ஒவ்வொரு கம்பியிலும் நொடிக்கு 320 கோடி முறை செய்தியை அனுப்பும். அதன் துடிப்போ நொடிக்கு 160 கோடியே. ஒரு துடிப்பிற்கு இருமுறை செய்தி செல்லும். கேட்ட செய்தி வெளிவர 16 துடிப்புகள் காத்திருப்பின், அக்காலம் 10 நானோ நொடி ஆகும். அதனையே 3600க்கு உயர்த்தி, காத்திருப்பை 18 துடிப்புகளாக்கினாலும் அதே 10 நானோ நொடிதான்! செய்தி மிகுதியாகப் பாயும்; முதற்செய்தி மட்டும் முந்தி வாராது. பெரிய எண்ணைக் கண்டு மயங்குவோர் இதனை நோக்குவதில்லை. மேலும், விரைவை நிலைநிறுத்த 1.2 வோல்ட் மின்னழுத்தத்தை 1.35 வோல்ட் அளவிற்கு உயர்த்துவதும் வழக்கம். அதனால் வெப்பமும் கூடும். கத்திரி வெயிலில், காற்றோட்டமற்ற சிறு கடையில், இது சிறு செய்தியன்று.

பொறி நின்றுவிடின் கேடு சிறிதே, கண்டுகொள்ளலாம். நில்லாமல் பிழையோடு நடப்பதே கொடிது. ஒரு மாணவன் பெற்ற மதிப்பெண் 97 எனக் கொள்வோம். பொறியுள் அது 64, 32, 1 என்பவற்றின் கூட்டாக நிற்கும். 64ஐக் குறிக்கும் ஓர் இலக்கம் 1லிருந்து 0 ஆக மாறின் எஞ்சுவது 33. தேர்ச்சிக்கு 35 வேண்டுமாயின், அவன் தோற்றவனாகின்றான். திரையில் யாதொரு எச்சரிக்கையும் தோன்றாது.

ஆதலின் விரைவைக் கூட்டியோர் மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை நிரலைப் பல மணி நேரம் ஓட்டிப் பார்ப்பர். இரவின் குளிர்ச்சியில் தேறிய பொறி நண்பகலில் தவறுதலும் உண்டாதலின், வெப்பம் மிக்க பொழுதில் சோதித்தலே தக்கது. ஒரு பிழை காணினும் விரைவைக் குறைத்தல் வேண்டும். பொறி தொடங்கவே மறுப்பின், மின்னிணைப்பை நீக்கி, தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவ மின்கலத்தைச் சில நிமிடம் கழற்றிவைத்து மீண்டும் பொருத்துவர். பெரும்பாலும் பழைய அளவு தானே திரும்பும்.