தவழும் பிள்ளையும் தகப்பன் கடமையும்



சரக்கு வந்திறங்கிய தேதி, கடன் கொடுத்த தேதி, கடை வாடகை கட்ட வேண்டிய தேதி யாவும் நமக்கு மனப்பாடம். ஆனால் நம் பிள்ளை எந்த மாதம் குப்புற விழுந்தது, எந்த மாதம் தவழ்ந்தது என்று ஒருவர் கேட்டால், "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்போம். இதை ஒரு குறையாக நாம் எண்ணுவதில்லை. அது குறைதான் என்பதை எடுத்துக் காட்டவே இப்பாடத்தை எழுதுகிறோம்.

ஒரு காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. 1950-களில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்த நம் முன்னோரில் பலர், குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்கள். பிள்ளை நடந்த செய்தி அவர்களுக்குக் கடிதத்தில்தான் வந்தது. இன்று நம்மில் பலருக்குப் பிள்ளை ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. இருந்தும், அது விழிக்குமுன் கடை திறக்கப் போய்விடுகிறோம். அது உறங்கிய பின் வீடு திரும்புகிறோம்.

வளர்ச்சியின் வரிசை

குழந்தையின் உடல் தலையிலிருந்து கீழ்நோக்கி வசப்படுகிறது. முதலில் கழுத்து நிற்கிறது. பிறகு முதுகு உறுதிப்பட்டுப் பிள்ளை புரள்கிறது, உட்காருகிறது. பின்னர் இடுப்பும் கால்களும் பலம் பெற்றுத் தவழ்கிறது, பிடித்து நிற்கிறது, மேசை ஓரத்தைப் பற்றியபடி பக்கவாட்டில் அடி வைக்கிறது, கடைசியில் கைவிட்டு நடக்கிறது. இந்த ஒழுங்கை நம் தமிழ்ப் புலவர்கள் நன்கு கண்டிருந்தனர். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குரிய செங்கீரைப் பருவம், குழந்தை கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுவதைச் சொல்லும். ஒன்பதாம் மாதத்துச் சப்பாணிப் பருவம் உட்கார்ந்து கை கொட்டுவதைச் சொல்லும். ஓராண்டையொட்டி வரும் வாரானைப் பருவம், தளர்நடையிட்டு வா என்று பிள்ளையை அழைப்பதாகும். முஸ்லிம் புலவர்களும் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள்.

மாதக் கணக்கு

உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, ஓமன், கானா, நார்வே, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 800-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டது. மிக முந்திய சிலரையும் மிகப் பிந்திய சிலரையும் நீக்கிப் பார்த்தால், கணக்கு ஏறத்தாழ இவ்வாறு அமைகிறது:

பிடிமானமின்றி உட்காருதல்: 4 முதல் 9 மாதம்.
பிடித்துக்கொண்டு நிற்றல்: 5 முதல் 11½ மாதம்.
கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்தல்: 5 முதல் 13½ மாதம்.
தனியே நிற்றல்: 7 முதல் 17 மாதம்.
தனியே நடத்தல்: 8 முதல் 17½ மாதம்.

ஒன்றைக் கவனியுங்கள். எட்டு மாதத்தில் நடந்த பிள்ளையும் பதினேழு மாதத்தில் நடந்த பிள்ளையும் இந்த எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. தவழ்வதிலோ இன்னொரு விந்தை உண்டு. நூற்றில் நான்கு பிள்ளைகள் அளவில் இவ்வாறு தவழவே இல்லை. சில பிள்ளைகள் வயிற்றால் ஊர்கின்றன. சில உட்கார்ந்தபடியே நகர்கின்றன. சில நேரே எழுந்து நிற்கின்றன. ஆகவே, மச்சான் வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தது என்பதற்காக நம் பிள்ளையை மட்டமாக எண்ணுவது அறியாமை.

நாம் செய்த பிழை

இதை நாம் சொல்லக் காரணம் உண்டு. நம் இரண்டாம் மகன் தவழவில்லை. உட்கார்ந்தபடியே தரையில் தேய்த்து நகர்ந்தான். "காலில் பலமில்லையோ?" என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். "தானாக வரும், பொறுங்கள்" என்றார் அவனுடைய நன்னிமா. நாம் பொறுக்கவில்லை. சக்கரம் வைத்த நடைவண்டி ஒன்றை வாங்கி அதில் அவனை உட்கார வைத்தோம். ஒரு மாலை, கடைக்குள் கணக்கு முடிக்கும் நேரத்தில், அவன் வண்டியோடு உருண்டு ஐந்தடி நடைபாதையின் படியில் கவிழ்ந்தான். நெற்றியில் மூன்று தையல்.

குழந்தையை உள்ளே உட்கார வைக்கும் இத்தகைய வண்டி நடையைச் சீக்கிரம் கொண்டுவருவதில்லை என்பதையும், பிள்ளை கண்ணிமைக்கும் நேரத்தில் படிக்கட்டையும் அடுப்பையும் எட்டிவிடும் என்பதையும் மருத்துவர் பிறகுதான் விளக்கினார். கனடா நாடு 2004-இலேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. மகன் பதினைந்தாம் மாதத்தில், எவர் உதவியுமின்றி, தானாக நடந்தான். அன்று நாம் கடையில் சரக்குக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தோம். செய்தி தொலைபேசியில் வந்தது. கடிதத்தில் அறிந்த முன்னோருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தோம்.

எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்?

பொறுமை வேண்டும் என்றோம், அலட்சியம் கூடாது. ஒன்பது மாதம் முடிந்தும் பிள்ளை தானே உட்காரவில்லை என்றாலும், பதினெட்டு மாதம் ஆகியும் நடக்கவில்லை என்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு பக்கத்துக் கைகாலை மட்டுமே பயன்படுத்துவது, ஓராண்டு ஆகுமுன்பே ஒரே கையால் எல்லாவற்றையும் எடுப்பது, உடல் துவண்டோ விறைத்தோ இருப்பது ஆகியவற்றையும் காட்ட வேண்டும். முன்பு செய்ததைப் பிள்ளை இப்போது செய்யாமல் விட்டுவிட்டால், ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து மாதங்களை எண்ண வேண்டும்.

பிள்ளையின் உம்மா ஒரு சந்தேகத்தைச் சொன்னால், "எல்லாம் சரியாகிவிடும்" என்று வாயடைக்காதீர்கள். நாள் முழுதும் பார்ப்பவர் அவரே. தடுப்பூசிக்குப் போகும் நாளில் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நீங்களும் உடன் செல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டால் பயிற்சியால் நல்ல பலன் கிடைக்கும்.

கடையும் வீடும்

நகரத் தொடங்கிய பிள்ளைக்குத் தரையில் கிடப்பதெல்லாம் பண்டம். சில்லறைக் காசு, கொட்டைப்பாக்கு, கச்சான், பிளாஸ்டிக் பை ஆகியவை எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கால்குலேட்டரிலும் விளையாட்டுச் சாமான்களிலும் உள்ள பொத்தான் போன்ற சிறு பேட்டரி மிகக் கொடியது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயை அரித்துவிடும். அந்தச் சந்தேகம் எழுந்தால் காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். தேநீரை மேசை விளிம்பில் வைக்காதீர்கள். கடைவீட்டு மாடிப்படியின் மேலும் கீழும் தடுப்புக் கதவு போடுங்கள்.

முடிவுரை

நாம் வேண்டுவது பெரிதன்று. நாளில் அரை மணி நேரம் கடையை மறந்து பாயில் பிள்ளையோடு இருங்கள். தவழாத பிள்ளையை, விழித்திருக்கும்போது, சிறிது சிறிதாகக் குப்புறக் கிடத்தி விளையாட்டுக் காட்டுங்கள். உறங்கும்போது மல்லாந்தே கிடத்துங்கள். நிற்கும் பிள்ளையை ஒரு கை தூரத்திலிருந்து கூப்பிடுங்கள். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், அது வரும்.

உட்கார்ந்த நாள், நகர்ந்த நாள், நின்ற நாள், நடந்த நாள் ஆகியவற்றைக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உங்கள் கையாலேயே குறித்து வையுங்கள். மருத்துவர் கேட்டால் அது உதவும். பிள்ளை வளர்ந்த பின் அதுவே ஒரு நாள், "வாப்பா, நான் எப்போது நடந்தேன்?" என்று கேட்கும். அன்று, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று நாம் சொல்லாதிருப்போமாக.