பள்ளிக்குள் வந்த கல்லூரிப் படிப்பு

உயர்நிலைப் பள்ளியின் எல்லை எது, கல்லூரியின் தொடக்கம் எது என்னும் வினா புதுக்கோட்டைக்குப் புதியதன்று. சமஸ்தானக் காலத்தில் இந்நகரில் நடைபெற்றுவந்த பள்ளி, திவான் அ. சேஷையா சாஸ்திரியாரின் நிர்வாகத்தில் 1880ஆம் ஆண்டு கல்லூரியாக உயர்த்தப்பெற்றது. இன்றைய மாமன்னர் கல்லூரி அதுவே. பட்டம் வழங்கும் கல்லூரியாக அன்று அது இருக்கவில்லை. மெட்ரிக்குலேஷன் தேறியோர் மேலும் ஈராண்டு பயின்று எழுதும் எஃப்.ஏ. தேர்வுக்கு மாணவரை ஆயத்தம் செய்தது. அவ்வளவே அதன் எல்லை. எனினும் அந்த ஈராண்டுக் கல்வி உள்ளூரிலேயே கிடைத்தமையின் பயன் பெரிது.

அப்பயனை முழுமையாகக் காட்டுவது முத்துலெட்சுமி அம்மையாரின் வாழ்வு. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த அவர், வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிக்குலேஷன் தேறினார். மேற்கொண்டு படிக்க அவ்வூரில் இருந்தது ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரி ஒன்றுதான். எதிர்ப்புகள் எழுந்தன. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவற்றைப் பொருட்படுத்தாது அவருக்கு இடமளித்தார். அக்கல்வியே அவரை 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்த்தது. 1912இல் அவர் மருத்துவரானார். ஊரில் அந்த இரண்டு வகுப்புகள் இல்லாதிருந்தால், சென்னைக்குச் சென்று தொடங்கும் வாய்ப்பு அக்காலப் பெண்ணொருத்திக்கு எளிதில் வாய்த்திராது.

எஃப்.ஏ. பின்னர் இன்டர்மீடியட் எனப் பெயர் மாறியது. பிறகு புகுமுக வகுப்பு என ஓராண்டாகச் சுருங்கியது. பள்ளியில் பதினோராண்டு, கல்லூரியில் புகுமுக வகுப்பு ஓராண்டு, பட்டப்படிப்பு மூன்றாண்டு என்பது அன்றைய முறை. கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு (1964-66) பத்து, இரண்டு, மூன்று என்னும் அமைப்பைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கிற்று. முதல் அணியினர் 1980இல் பொதுத்தேர்வு எழுதினர். கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டு முறைகளிலும் மொத்தம் பதினைந்து ஆண்டுகளே. மாறியது ஆண்டுகளின் எண்ணிக்கையன்று. ஓர் ஆண்டு கற்பிக்கப்படும் இடமே. ஆனால் மணமேல்குடியிலோ கறம்பக்குடியிலோ வாழும் மாணவிக்கு அந்த இடமாற்றம் சிறிதன்று. பத்தாம் வகுப்பு முடித்தவள் விடுதி தேடி நகருக்குச் செல்லாமல், மாலையில் வீடு திரும்பும் தொலைவிலேயே மேலும் இரண்டாண்டு படிக்க இயன்றது. ஆய்வகமும் முதுநிலை ஆசிரியரும் பள்ளிகளுக்கு உடனடியாகக் கிட்டிவிடவில்லை என்பதும் உண்மை. வகுப்பு முதலில் வந்தது. வசதி பின்னரே வந்தது.

பள்ளியளவில் இன்னும் உயர்ந்த சான்று ஒன்று, அதாவது பட்டயம், வழங்கலாமா என்பது இன்று எழும் வினா. 1968இல் ஜெனீவாவில் தோன்றிய பன்னாட்டுப் பட்டயத் திட்டம் இத்தகையது. ஆயினும் இந்தியாவில் அதனை நடத்துவன பெரும்பாலும் மிகுந்த கட்டணம் பெறும் தனியார் பள்ளிகள். அரசுப் பள்ளி மாணவரை அது எட்டவில்லை. நம் மாணவருக்கு நெருங்கிய வினா தொழிற்கல்விப் பிரிவைப் பற்றியது.

மேல்நிலைக் கல்வியோடு சேர்ந்தே அப்பிரிவும் வந்தது. பத்தாம் வகுப்புக்குப் பின் பாதியளவு மாணவரேனும் தொழில் சார்ந்து பயில வேண்டும் என்பது கோத்தாரி குழுவின் எண்ணம். நடைமுறையில் அது பொதுப்பாடப் பிரிவின் நிழலிலேயே தங்கிவிட்டது. காரணத்தை ஓர் எளிய கணக்கில் காணலாம். பத்தாம் வகுப்பு முடித்துப் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்பவர் மூன்றாண்டில் பட்டயம் பெறுகிறார். பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவை ஈராண்டு பயின்றவர் அதே கல்லூரியில் நேரடியாக இரண்டாமாண்டில் சேர்கிறார்; பட்டயம் பெற அவருக்கு நான்காண்டு ஆகிறது. வீட்டருகே படித்ததற்கு அவர் ஓராண்டை விலையாகத் தருகிறார். குடும்பத்தின் வருவாய் அவரது வேலையை எதிர்நோக்கியிருக்குமாயின் ஓராண்டு பெரும் விலையே.

அந்த ஓராண்டை மீட்க இரு வழிகள் உண்டு. பள்ளியிலேயே மூன்றாமாண்டு ஒன்றைச் சேர்த்துப் பட்டயம் வழங்குவது ஒன்று. பள்ளியில் கற்ற ஈராண்டையும் முழுமையாக ஏற்று, பட்டயக் கல்வியின் இறுதியாண்டில் சேர்ப்பது மற்றொன்று. முதல் வழிக்கு ஒவ்வொரு பள்ளியிலும் கடைசல் இயந்திரமும் அதனை இயக்கக் கற்பிக்கும் ஆசிரியரும் வேண்டும். அவையின்றித் தரப்படும் பட்டயத்தை எந்தத் தொழிற்கூடமும் மதிக்காது. இரண்டாவது வழிக்குச் செலவு குறைவு. ஆனால் பள்ளிப் பாடத்திட்டமும் பட்டயப் பாடத்திட்டமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். செய்முறைப் பயிற்சி ஏட்டளவில் முடிந்துவிடலாகாது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைக் கற்பிக்காமலேயே பன்னிரண்டாம் வகுப்புக்குத் தாவிய பள்ளிகளும் இருந்தன. அதனைத் தடுக்கவே 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டு, 2025-26 முதல் கைவிடப்பட்டது. ஆகவே, அந்த ஈராண்டில் மாணவர் எதைக் கற்றார் என்று உறுதி கூறும் பொறுப்பு இனிப் பள்ளியினிடமே பெரிதும் தங்கியிருக்கிறது. பட்டயம் பள்ளியில் வழங்கப்பட்டாலும் கல்லூரியில் வழங்கப்பட்டாலும் முதலில் கேட்கப்படுவது அவ்வுறுதியே.