கேரம் காயும் போரான் கருவும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் அணுக்கரு இயற்பியல் பாடம் நடத்தும்போது, கட்டுப்படுத்தும் கழிகள் போரான் அல்லது காட்மியத்தால் ஆனவை என்ற வரியை ஒரு மதிப்பெண் வினாவாகக் கடந்து விடுகிறோம். ஏன் போரான், பக்கத்து வீட்டுக் கார்பன் ஏன் அந்த வேலையைச் செய்யாது என்று ஒரு மாணவர் கேட்டால் பாடநூலில் விடை இல்லை. எங்கள் மாவட்ட எல்லைக்குக் கிழக்கே, திருநெல்வேலி மாவட்டக் கடற்கரையில் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அதைப் பற்றி வீட்டில் பயத்தோடும் கேட்டிருக்கிறார்கள், பெருமையோடும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்வி இங்கே வராமல் இருக்காது.

இதற்கான விடை ஓர் அளவீட்டில் இருக்கிறது. ஒரு நியூட்ரான் வரும் வழியில் ஓர் அணுக்கரு எவ்வளவு பெரிய குறியாக நிற்கிறது என்பதே அந்த அளவு. அதன் பெயர் குறுக்குவெட்டுப் பரப்பு. கருவை அளவுகோலால் அளக்க முடியாது. எத்தனை நியூட்ரான் அனுப்பினோம், எத்தனை பட்டன என்று எண்ணித்தான் கணக்கிட வேண்டும். இந்த முறையை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம்.

20 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தாளில் கேரம் காயை வைத்து ஒன்றன்மேல் ஒன்று விழாமல் 10 வட்டங்கள் வரையுங்கள். மாணவர்கள் பார்க்கக் கூடாது. வரைந்த பக்கம் தரையைப் பார்க்கும்படி தாளைக் கவிழ்த்து, அதன்மேல் கார்பன் தாளை மை கீழே இருக்கும்படி விரியுங்கள். முழங்கால் உயரத்திலிருந்து கோலிக்குண்டை 200 முறை அங்கங்கே விடச் சொல்லுங்கள். குண்டு எம்பும்போது கையால் பிடித்துவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது புள்ளி விழும். குறி பார்த்து விடவும் கூடாது. கண்ணைக் கட்டிவிட்டால் உற்சாகம் கூடும், சத்தமும் கூடும். முடிந்ததும் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வட்டத்துக்குள் விழுந்த புள்ளிகளை எண்ணலாம்.

தாளில் விழுந்த 200 புள்ளிகளில் 38 வட்டத்துக்குள் இருப்பதாகக் கொள்வோம். தாளின் பரப்பு 400 ச.செ.மீ. அதில் 200-க்கு 38 பங்கு என்றால் 76 ச.செ.மீ. பத்து வட்டங்களுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 7.6 ச.செ.மீ. இப்போது காயைக் கையில் கொடுத்து விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். பார்க்காத ஒன்றின் பரப்பை எண்ணிக்கையால் மட்டுமே கண்டுபிடித்தது அவர்களுக்குப் புரியும். ஒவ்வொரு குழுவுக்கும் விடை சற்று மாறும். அதைத் தவறு என்று அடித்துவிட வேண்டாம். எல்லாக் குழுக்களின் எண்ணிக்கையையும் கூட்டிக் கணக்கிட்டால் விடை உண்மை அளவை நெருங்கும். அணு ஆய்வகத்திலும் லட்சக்கணக்கில் எண்ணுவது இதற்காகத்தான்.

கருக்களுக்கு இந்தப் பரப்பை பார்ன் என்ற அலகில் சொல்கிறார்கள். ஒரு பார்ன் என்பது 10⁻²⁴ ச.செ.மீ. 1942-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக இயற்பியலாளர் இருவர் வேடிக்கையாக வைத்த பெயர் இது. கருவின் அளவுக்கு இது பெரிய கொட்டகை போன்ற பரப்பாம். நாஞ்சில் நாட்டில் பிறந்திருந்தால் பத்தாயப்புரை என்று வைத்திருப்பார்கள்.

இனி போரானுக்கு வருவோம். போரான்-10 கருவின் சொந்த வடிவப் பரப்பு 0.2 பார்ன் அளவுதான். ஆனால் விநாடிக்கு 2,200 மீட்டர் வேகத்தில் வரும் மெதுவான நியூட்ரானுக்கு அது 3,840 பார்ன் பரப்புள்ள குறியாக நிற்கிறது. ஏறத்தாழ 18,000 மடங்கு! நம் கேரம் காய் ஒன்று 13 சதுர மீட்டர் அறையளவு விரிந்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தூய போரான்-10-ஐ எழுதும் தாளின் தடிமனில், அதாவது 0.1 மி.மீ.க்கு, விரித்தால் 1,000 மெதுவான நியூட்ரான்களில் 7 போலத்தான் தாண்டிச் செல்லும். போரான்-11-இல் கூடுதலாக இருப்பது ஒரே ஒரு நியூட்ரான். அதன் உட்கவர் பரப்போ ஒரு பார்னில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இயற்கைப் போரானில் ஐந்தில் ஒரு பங்குதான் போரான்-10. கார்பனும் மெதுவான நியூட்ரானை அநேகமாக விழுங்குவதில்லை, மோதித் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் கிராஃபைட் தணிப்பானாகிறது. தனிம வரிசை அட்டவணையைப் பார்த்து இதையெல்லாம் ஊகிக்க முடியாது. அளந்தால்தான் தெரியும்.

வேகமும் முக்கியம். மெதுவாக வரும் நியூட்ரான் கருவின் அருகே அதிக நேரம் இருக்கிறது. பிளவில் பிறந்த வேகத்தோடு பாய்ந்து வந்தால் அதே போரான்-10 ஒரு பார்னுக்கும் குறைவான குறியாகச் சுருங்கிவிடும்.

மின்சுமை இல்லாத நியூட்ரானை எப்படி எண்ணுவது என்று கேட்கும் மாணவர் நன்றாகச் சிந்திக்கிறார். அதற்கும் போரானே உதவுகிறது.

போரான்-10 + நியூட்ரான் → லித்தியம்-7 + ஆல்பா துகள்

வெளிவரும் இரண்டும் மின்சுமை உள்ளவை. போரான் ட்ரைஃபுளூரைடு வாயு நிரப்பிய குழாயில் அவை மின்துடிப்பை உண்டாக்கும். துடிப்பை எண்ணினால் நியூட்ரானை எண்ணியதாகும். இருபுறமும் நிறை எண்ணைக் கூட்டிப் பார்க்கச் சொல்லலாம். தேர்வுக்கும் உதவும்.

கூடங்குளத்தில் உலையைச் சுற்றிவரும் சாதாரண நீரில் போரிக் அமிலம் கரைத்திருக்கிறார்கள். கேரம் பலகையில் நாம் தூவும் பவுடரும் போரிக் அமிலம்தான். எரிபொருள் புதிதாக இருக்கும்போது அதன் செறிவு அதிகம். எரிபொருள் தீரத் தீரக் குறைத்துக்கொண்டே வருவார்கள். சாதாரண நீரில் உள்ள ஹைட்ரஜனும் 0.33 பார்ன் அளவுக்கு நியூட்ரானை விழுங்குவதால் அங்கே செறிவூட்டிய யுரேனியம் தேவைப்படுகிறது. கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையத்தில் கனநீர். அதிலுள்ள டியூட்டீரியத்தின் பரப்பு வெறும் 0.0005 பார்ன், ஆகவே இயற்கை யுரேனியமே போதும். கனநீருக்காகத் தூத்துக்குடியில் தனி ஆலையே அமைத்தார்கள்.

கல்பாக்கத்தில் 1996 முதல் கமினி என்ற சிறிய உலையும் இருக்கிறது. திறன் 30 கிலோவாட். எரிபொருள் தோரியத்திலிருந்து பெற்ற யுரேனியம்-233. எங்கள் மணவாளக்குறிச்சி மணலின் மோனசைட்டில் இருப்பதும் தோரியம்தான் என்று சொன்னால் கடற்கரைப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த உலையின் நியூட்ரான் கற்றையால் பொருள்களின் உட்புறத்தைப் படம் எடுக்கிறார்கள். எக்ஸ் கதிரை ஈயம் தடுக்கும், மெழுகு விட்டுவிடும். நியூட்ரானுக்கு ஏறத்தாழ நேர்மாறு. ஈயப் பெட்டிக்குள் மெழுகுவர்த்தி ஒன்றை வைத்து இரண்டாலும் படம் எடுத்தால் எந்தப் படத்தில் என்ன தெரியும் என்று வரைந்து வரச் சொல்லுங்கள், வீட்டுப்பாடமாக.