மேலே போகாத குறிப்பு

அன்புள்ள தம்பிக்கு,

உன் நாவலின் கைப்பிரதியை இரண்டு முறை படித்துவிட்டேன். மலைக்கும் கடலுக்கும் நடுவே நீ படைத்திருக்கும் அந்தச் சின்ன நாடு எனக்குப் பிடித்திருக்கிறது. அதன் காசு, மீன் சந்தை, மழை நாளில் பாதி வழியில் நின்றுபோகும் டிராம் எல்லாம் கண்ணுக்குள் நிற்கின்றன. ஆனால் கதையின் உயிரான ராணுவ உளவுத்துறை வரும்போதெல்லாம் நாடு மறைந்து சினிமா வந்துவிடுகிறது. உன் உளவுத்துறைத் தலைவருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. யார் எங்கே முணுமுணுத்தாலும் அவர் காதுக்கு வந்துவிடுகிறது. இப்படி ஒரு துறை எந்த நாட்டிலும் இருந்ததில்லை. கற்பனை நாட்டிலும் இருக்க முடியாது.

அந்தத் துறைக்குத் துப்பாக்கியும் ரகசிய அறையும் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நம்பிக்கையைக் கொடு. எத்தனை சான்று வந்தாலும் அசையாத நம்பிக்கை. கதை அங்கிருந்துதான் பிறக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இஸ்ரேலின் ராணுவ உளவுத்துறைக்கு அமான் என்று பெயர். 1973இல் எலி ஸெய்ரா என்ற தளபதி அதன் தலைவர். இஸ்ரேலின் விமானத் தளங்களைத் தாக்கக்கூடிய நெடுந்தூர விமானங்கள் கைக்கு வராமல் எகிப்து போருக்கு வராது, எகிப்து வராமல் சிரியா தனியாக இறங்காது என்று அங்கே ஒரு கணிப்பு இருந்தது. அதை 'கான்செப்ட்சியா' என்றே சொன்னார்கள். முட்டாள்கள் போட்ட கணக்கு அல்ல அது. நல்ல இடத்திலிருந்து வந்த உண்மையான தகவலின் மேல் எழுந்தது, ஒரு காலத்தில் சரியாகவும் இருந்தது. 1972 கடைசியில் எகிப்து அதிபர் சாதத் மனம் மாறினார். கணிப்பு மாறவில்லை.

1973 அக்டோபர் பிறந்ததும் எகிப்துப் படைகள் சூயஸ் கால்வாய்க் கரையில் குவிந்தன. ஒத்திகை என்றார்கள். இஸ்ரேலின் தெற்குக் கட்டளையகத்தின் உளவுப் பிரிவில் பின்யமின் சிமான்தோவ் என்ற இளம் லெப்டினன்ட் இருந்தார். இது ஒத்திகை அல்ல, ஒத்திகையின் பெயரில் நடக்கும் போர் ஆயத்தம் என்று 1ஆம் தேதி ஒரு குறிப்பு எழுதினார். 3ஆம் தேதி இன்னொன்று. அவருடைய மேலதிகாரி அவற்றை மேலே அனுப்பவில்லை. 4ஆம் தேதி விமானத்திலிருந்து எடுத்த படங்களில் அதுவரை காணாத அளவுக்குப் படை தெரிந்தது. அன்று இரவு சோவியத் ஆலோசகர்களின் குடும்பங்கள் எகிப்தையும் சிரியாவையும் விட்டு அவசரமாகக் கிளம்பத் தொடங்கின. 5ஆம் தேதி இரவு லண்டனில் எகிப்தின் முன்னாள் அதிபர் நாசரின் மருமகன் அஷ்ரஃப் மர்வான், இஸ்ரேலின் வெளிநாட்டு உளவு அமைப்பான மொசாத்தின் தலைவரிடம் நாளைக்கே போர் என்று சொன்னார். 6ஆம் தேதி பிற்பகல் 2 மணிக்குப் போர் தொடங்கியது. இஸ்ரேல் தரப்பில் மட்டும் 2,500 பேருக்கு மேல் இறந்தார்கள். எகிப்தும் சிரியாவும் இழந்தது அதைவிடப் பல மடங்கு.

வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொன்னார். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் சொல்வது ஒத்துவந்தால் அதை நம்பலாம் என்றார். சூயஸ் கரையில் ஒத்துவந்தவை மூன்றுக்கும் மேலே. அப்படியும் நம்பவில்லையே, ஏன்? ஒற்றாடல் ஒற்றனைச் சோதிக்கும் வழியைச் சொல்கிறது. கேட்பவரின் காதைச் சோதிப்பது யார்? அதற்கு வள்ளுவரிடமே வேறோர் அதிகாரத்தில் பதில் இருக்கிறது. தவறு கண்டால் இடித்துச் சொல்லும் துணை இல்லாத மன்னன், கெடுக்கப் பகைவர் இல்லாவிட்டாலும் கெடுவான் என்கிறார். போருக்குப் பிறகு அக்ரனாத் விசாரணைக் குழு ஸெய்ராவைப் பதவியிலிருந்து நீக்கப் பரிந்துரைத்தது. அமானுக்குள் தனியாக ஒரு பிரிவு ஏற்பட்டது. துறை எதை முடிவாகச் சொல்கிறதோ அதற்கு எதிராக வாதாடுவதுதான் அதன் வேலை. சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட இடிப்பார்கள்!

அதற்குப் பிறகும் 50 ஆண்டும் ஒரு நாளும் கழிந்து, இஸ்ரேல் மறுபடியும் எதிர்பாராமல் தாக்கப்பட்ட 2023 அக்டோபர் 7 வந்தது. காஸா எல்லையில் கேமராத் திரைகளைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த இளம் பெண் சிப்பாய்கள், வேலிக்கு அந்தப் பக்கம் நடக்கும் பயிற்சிகளைப் பற்றி முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அவர்கள் பேச்சும் மேலே எடுபடவில்லை. இடிப்பாரை நியமித்தால் மட்டும் போதாது, இடிப்பதை வாங்கிக்கொள்ளும் தோளும் வேண்டும். இதைவிடப் பெரிய கரு உன் நாவலுக்குக் கிடைக்காது.

எனக்கு ராணுவ அனுபவம் கிடையாது. ஆனால் அரசு அலுவலகம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் தபால் பிரிவில் இருந்தேன். ஏரிக்கரையில் விரிசல் கண்டிருக்கிறது என்று ஓர் இளம் பொறியாளர் எழுதிய குறிப்புக்கு ந.க. எண் போட்டு உள்ளே அனுப்பியவன் நான்தான். 'பார்க்கப்பட்டது, கோப்பில் வைக்கவும்' என்று எழுதி அது திரும்பி வந்தது. கார்த்திகையில் கரை உடைந்தது. எழுதியவரின் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. உளவுத்துறையும் ஓர் அலுவலகம்தான் தம்பி. அதன் உண்மையான ஆயுதம் காகிதம்.

அந்தக் காகிதத்தைத் தடுப்பது நம்பிக்கை மட்டுமல்ல. பயமும் தடுக்கும். 1941 மார்ச்சில் சோவியத் ராணுவ உளவுத்துறையின் தலைவர் கோலிகோவ், ஜெர்மனி தாக்கத் தயாராகும் அறிகுறிகளைத் தன் அறிக்கையில் வரிசையாக அடுக்கினார். அடுக்கிவிட்டு, இந்த வசந்தத்தில் போர் என்ற பேச்செல்லாம் எதிரிகள் பரப்பும் பொய் என்று முடித்தார். ஸ்டாலினுக்கு வேண்டிய முடிவு அதுதான். அதே நாற்காலியில் முன்பு இருந்த பெர்ஸின் 1938இல் சுட்டுக்கொல்லப்பட்டதை கோலிகோவ் அறியாதவரா? டோக்கியோவிலிருந்து உயிரைப் பணயம் வைத்து எச்சரித்த சோவியத் உளவாளி சோர்கேயையும் யாரும் கேட்கவில்லை.

அலுவலகப் பொறாமையும் உண்டு. 1942இல் ஜப்பானியர் அடுத்து எங்கே தாக்குவார்கள்? அவர்களுடைய ரகசியச் செய்திகளில் 'ஏ.எஃப்.' என்ற இடம் திரும்பத் திரும்ப வந்தது. பேர்ல் ஹார்பரில் அமெரிக்கக் கடற்படையின் நிலவறை ஒன்றில் இருந்த ஜோசப் ராஷஃபோர்ட்டின் குழு அதை மிட்வே தீவு என்றது. வாஷிங்டன் மேலிடம் ஏற்கவில்லை. குடிநீர் எந்திரம் பழுதாகிவிட்டது என்று மறைக்காமல் வானொலியில் சொல்லும்படி, கடலடிக் கம்பி வழியே மிட்வேக்குக் குழுவினர் சொல்லி அனுப்பினார்கள். சீக்கிரமே 'ஏ.எஃப்.'இல் தண்ணீர் இல்லை என்று ஜப்பானியச் செய்தி ஒன்று பறந்தது. ஒரு குண்டு வெடிக்கவில்லை, ஒருவரையும் துரத்தவில்லை. படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாஷிங்டனைப் பொய்யாக்கிய அந்த ராஷஃபோர்ட்டை அதே ஆண்டிலேயே அங்கிருந்து மாற்றினார்கள். அவர் 1976இல் இறந்தார். அவருக்குரிய பதக்கம் 1980களில்தான் வந்தது.

நம் நாட்டுக் கதையையும் படி. 1999 மே மாதம் கார்கில் மலையில் ஊடுருவல்காரர்களைப் பார்த்து ராணுவத்துக்குச் சொன்னவர்கள் கார்கோன் கிராமத்து ஆட்டிடையர்கள். 527 வீரர்களைப் பறிகொடுத்தோம். பிறகு விசாரித்த குழுவுக்குத் தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமண்யம். உளவு அமைப்புகளுக்குள் ஒருங்கிணைப்பு இல்லாததை அந்த அறிக்கை எடுத்துச் சொன்னது. முப்படைக்கும் பொதுவான உளவு முகமை 2002இல் உருவானது.

இதையெல்லாம் அப்படியே நாவலில் கொட்டச் சொல்லவில்லை. டின்டின் கதைகளை வரைந்த எர்ஜே, சில்டேவியா என்ற இல்லாத நாட்டுக்காகப் படக்கதையின் நடுவே ஒரு சுற்றுலாக் கையேட்டையே வைத்தார். அரசர்களும் போர்களும் உடைகளும் அதில் உண்டு. ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கிய 1938இல் அந்தக் கதை வரத் தொடங்கியது. அதில் நாட்டைக் கவிழ்க்கப் பார்ப்பவனின் பெயர் முஸ்ட்லர். முசோலினியும் ஹிட்லரும் சேர்ந்த பெயர். நாடு பொய், பயம் நிஜம். உன் நாட்டுக்கும் அப்படி ஒரு நிஜத்தை அடியில் வை.

ஏழாம் அத்தியாயத்தில், தலைவரின் அறைக்குக் காபி கொண்டுவரும் இளம் அதிகாரி ஒருவன் வருகிறான். நீ அவனுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. பெயர் வை. அவன் கையில் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றைக் கொடு. அது யாருடைய மேஜையில், எதற்காக, எத்தனை நாள் கிடந்தது என்று எழுதி அடுத்த பிரதியை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்