மாவுக்கட்டு அறைக்குச் செல்லும் தம்பிக்கு

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் பயிற்சி மருத்துவராகச் சேரவிருக்கும் தம்பி, அரசு மருத்துவமனைகளில் மாவுக்கட்டுப் போடும் கைகள் பெரும்பாலும் உதவி மருத்துவ அதிகாரியுடையவை என்பதை முதலில் அறிந்திருத்தல் நலம். மூன்றாண்டு டிப்ளோமா முடித்து, 1977ஆம் ஆண்டின் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவர்கள் இவர்கள். அதற்கும் முன்பே, 1965இல், தோட்ட மருத்துவமனை உதவியாளர்களுக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. ரப்பர்த் தோட்டத்துத் தமிழர் டிரசர் என்றழைத்தது அவர்களையே, அந்தத் தலைமுறையில் பலர் டாக்டரைப் பார்த்ததைவிட டிரசரைப் பார்த்ததே அதிகம்.

பஞ்சை எந்த எலும்பு மேட்டில் கூடுதலாகச் சுற்றுவது, வெந்நீரில் நனைத்த பிளாஸ்டர் இறுகும்போது தோலை ஏன் சுட்டுவிடும் என்பவற்றை உதவி மருத்துவ அதிகாரிகளிடம் கேட்டுக் கற்பதில் இழுக்கில்லை. ஆனால் சிகிச்சை முடிவு மருத்துவருடையது. ஆகவே வெறுமனே கட்டுப் போடச் சொல்லாமல், எந்தக் கால், மூட்டு எந்தக் கோணத்தில், முழுக்கட்டா அல்லது வீக்கத்திற்கு இடம்விட்டு ஒருபுறம் மட்டும் தாங்கும் பேக்ஸ்லாப்பா, மறுபடி எப்போது பார்ப்பது என்பவற்றை எழுதித் தர வேண்டும். அறுவைக்கு நோயாளியின் ஒப்புதல் பெறும் வேலையை அவர்கள் தலையில் கட்டுவது தகாது.

எல்லாவற்றினும் முக்கியமானது இரவு அழைப்பு. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கீழ்க்கால் எலும்பு முறிந்தவருக்கு, தசைகளைப் பொதிந்திருக்கும் உறைக்குள் வீக்கம் அடைபட்டு இரத்த ஓட்டம் குன்றும் தசையறை அழுத்த நோய் வரலாம். சுமார் ஆறு மணி நேரம் கடந்தால் தசை மீளாமற் போகக்கூடும். காயத்திற்கு மிஞ்சிய வலியும், கால்விரலைப் பிறர் அசைக்கும்போது ஏறும் வலியுமே அதன் முன்னறிகுறிகள். பாதத்தில் நாடி துடிக்கிறதென்று ஆறுதல் கொள்வது ஏமாற்றத்தில் முடியும். வலிக்கு ஊசி போட்டும் குறையவில்லை என்று உதவி அதிகாரி சொன்னால், தொலைபேசியிலேயே இன்னோர் ஊசிக்கு உத்தரவிடாமல், கட்டையும் அடிப்பஞ்சையும் தோல் தெரியும்வரை பிளக்கச் சொல்லிவிட்டு, நிபுணருக்கும் தகவல் தந்து, தம்பி நேரில் செல்ல வேண்டும். போய்ப் பார்த்து ஒன்றுமில்லையென்றாலும் கடிந்துகொள்ளலாகாது. ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்தமுறை விடியட்டும் என்று காத்திருப்பார், அந்தக் காத்திருப்பில் போவது நோயாளியின் கால்.

அன்புடன்,
பெரியப்பா